ரைட் ஹேண்ட் ரோட்ஸ்டரில் 4-2-1 ஹெடர்: ராப், கோட்டிங், ஷீல்டு எது எங்கே?

#1 பாப்அப்_லைட்

வண்டி 1995 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.8 பிபி இன்ஜின், ரைட் ஹேண்ட் டிரைவ். கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதிலா 304 ஸ்டெயின்லெஸ் 4-2-1 ஹெடர் (நாலு குழாய் ரெண்டாகி, அந்த ரெண்டும் ஒண்ணா சேர்ற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) மாட்டியாச்சு. குழாய் வெளி விட்டம் 42 மி.மீ., சுவர் கனம் 1.5 மி.மீ. பழைய மேனிஃபோல்டு மேல இருந்த தகர ஷீல்டை மாட்ட இதுல காது கிடையாது.

இந்த இன்ஜின்ல எக்ஸாஸ்ட் வலது பக்கம். நம்ம வண்டியில ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் மாஸ்டர், கிளட்ச் மாஸ்டர் (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற சிலிண்டர்கள்) எல்லாமே அதே பக்கம். நாலாவது குழாய்க்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல 22 மி.மீ. தான் இருக்கு. தினசரி ஓட்டம், மாசம் ஒரு டிராக் டே, மழையிலயும் ஓடும்.

ஹீட் ராப் (சூடு தாங்குற நார்ப் பட்டை) சுத்தலாமா, செராமிக் கோட்டிங் கொடுக்கலாமா, ஷீல்டு அடிக்கலாமா? மூணும் வேணும்னாலும் சரி, எந்த வரிசையில?

#2 ஸ்லேவ்_சிலிண்டர்

ஹெடரைப் பார்க்குறதுக்கு முன்னாடி, சூட்டுல சாகப்போறது எதுன்னு பாருங்க. உங்க வண்டியில வலது பக்கம் இருக்கிறவை இவ்வளவு:

பிரேக் மாஸ்டரும் அதன் பிளாஸ்டிக் டப்பாவும். டாட் 4 ஆயிலுக்குப் புதுசா இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் உறிஞ்சின பிறகு கணக்கு 155 தான். காலிபர்ல இருந்து வர்ற சூட்டோட மேல இருந்தும் சூடு சேர்ந்தா பெடல் மெத்தைன்னு ஆயிடும்.

பெல் ஹவுசிங் (கிளட்சை மூடுற கூடு) வலது பக்கம் தொங்குற கிளட்ச் ஸ்லேவ் (மாஸ்டர் தள்ளுற ஆயிலால கிளட்சை விடுவிக்கிற சிலிண்டர்). அதன் ரப்பர் கப் சின்னது, டவுன்பைப் (ஹெடருக்குக் கீழ இறங்குற குழாய்) பக்கத்துலயே இருக்கு. டிராஃபிக்ல கியர் விழ மாட்டேங்குதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வலது இன்ஜின் மவுண்ட். ஹெடருக்கு நேர் கீழ இருக்கு. ரப்பர் வெந்து வெடிச்சா இன்ஜின் அந்தப் பக்கமே சாயும், உங்க 22 மி.மீ. தானாகக் குறையும்.

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டோட யுனிவர்சல் ஜாயின்ட். கிரீஸ் உருகி வெளிய வந்துட்டா திருப்பும்போது இறுக்கம் தெரியும்.

அப்புறம் ஃபயர்வால் பக்கத்து ஹீட்டர் ஹோஸ், ஆக்சிஜன் சென்சார் வயர். ஸ்டார்ட்டர் இந்த இன்ஜின்ல இடது பக்கம், இன்டேக் கீழ இருக்கிறதால தப்பிச்சுது. மத்த கார்கள்ல அதுதான் முதல் பலி: காயில் 100 டிகிரி கூடுதலா சூடானா செம்பின் தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறும், சொலனாய்டு இழுக்காம 'டிக்'னு சத்தம் மட்டும் வரும்.

#3 கெர்ப்_ரைடர்

இவ்வளவு யோசிக்க வேண்டாம். எரிமலைப் பாறை நார்ல செய்யுற டைட்டானியம் கலர் ராப் 15 மீட்டர் ரோல் ஒண்ணு, ஸ்டெயின்லெஸ் டை ஒரு பாக்கெட். ஒரு நாள் வேலை. பானெட் கீழ சூடு குறையுறது கையை நீட்டினாலே தெரியும். சாதாரண கண்ணாடி நார் ராப் நேரடித் தொடுகைக்கு 650 டிகிரி வரைதான், இது தொடர்ச்சியா 980 வரை தாங்கும்னு கம்பெனியே சொல்லுது.

#4 டிக்_டார்ச்

> இவ்வளவு யோசிக்க வேண்டாம்

யோசிச்சே ஆகணும். ராப் தாங்குமாங்கிறது கேள்வி இல்ல. உள்ள இருக்கிற குழாய் தாங்குமாங்கிறதுதான் கேள்வி.

திறந்த குழாய் வெளிய சூட்டை விட்டுட்டே இருக்கும், அதனால இரும்பு வாயுவை விட நிறையவே குளிர்ச்சியா இருக்கும். சுத்தி மூடிட்டா இரும்பு வாயுவோட சூட்டை நெருங்கும். ஃபுல் த்ராட்டில்ல போர்ட் கிட்ட வாயு 800 முதல் 900 டிகிரி. 304-க்கு 425-லேர்ந்து 860 வரைக்கும் உள்ள இடம் ஆகாது. குரோமியம் கார்பைடா பிரிஞ்சு தானிய எல்லையில உட்காரும், அந்த எல்லை ஓரமா அரிப்பும் வெடிப்பும் வரும். வெல்டுக்கு 3, 4 மி.மீ. தள்ளி, ரெண்டு குழாய் சேர்ற கவட்டையிலதான் முதல் கீறல் விழும். அதுவும் ராப் உள்ள இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது 'டிக் டிக்'னு வந்து, சூடானதும் நின்னுடும். நிறையப் பேர் டேப்பெட் சத்தம்னு நினைச்சு ஹெட்டைக் கழற்றுவாங்க.

நீளுறதையும் கணக்குல எடுங்க. 400 மி.மீ. குழாய் 600 டிகிரி ஏறினா 304 நாலு மி.மீ.க்கு மேல நீளும். மைல்ட் ஸ்டீல் அதைவிடக் குறைவாத்தான் நீளும். நாலு குழாயும் வேற வேற சூட்டுல வேற வேற அளவு நீண்டு ஒண்ணையொண்ணு இழுக்கும். டைட்டானியம் சேர்த்த 321 குழாயா இருந்தா நான் இவ்வளவு பயமுறுத்த மாட்டேன். 1.5 மி.மீ. 304-ஐ பிரைமரி (ஹெட்லருந்து வர்ற தனித்தனிக் குழாய்) முழுக்கச் சுத்தாதீங்க. மைல்ட் ஸ்டீலா இருந்தா இன்னும் மோசம்: மழைத் தண்ணி ராப்ல ஊறி, செதில் செதிலா துரு உதிரும். ஹெடரைச் சுத்தினா வாரன்டி கிடையாதுன்னு பல தயாரிப்பாளர்கள் எழுதியே வச்சிருக்காங்க.

#5 சிக்மா_டி4

டார்ச் சொன்னதோடு கொஞ்சம் கணக்கு சேர்க்கிறேன், ஏனென்றால் இங்கே பணம் தவறான இடத்தில்தான் பெரும்பாலும் செலவாகிறது.

ஹெடரிலிருந்து பக்கத்துப் பாகங்களுக்குப் போகும் சூட்டில் பெரும்பங்கு கதிர்வீச்சு. அது கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். மேற்பரப்பு 600 டிகிரியிலிருந்து 400-க்கு இறங்கினால் (873 கெல்வினிலிருந்து 673) கதிர்வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். ராப் இதைத்தான் செய்கிறது, ஆனால் டார்ச் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு.

இப்போது குழாய்க்கும் மாஸ்டருக்கும் நடுவில் ஒரே ஒரு தகடு வையுங்கள். இரண்டு பக்கமும் பளபளப்பான அலுமினியம், எமிசிவிட்டி (ஒரு பரப்பு சூட்டைக் கதிர்வீசும் திறன், 0 முதல் 1 வரை) 0.1 என்று வைப்போம். துருப்பிடித்த குழாய்க்கும் கருப்புப் பாகத்துக்கும் 0.8. சமன்பாட்டில் போட்டால் கதிர்வீச்சு பதினான்கில் ஒரு பங்குக்கு வருகிறது. தகடு மங்கி 0.3 ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு. தகட்டின் இரண்டு பக்கமும் காற்று ஓட வேண்டும், தகடு குழாயைத் தொடக்கூடாது. தொட்டால் அது இன்னொரு சூடான குழாய்தான்.

இரும்பின் சூட்டை ஒரு டிகிரிகூட ஏற்றாமல் கிடைக்கும் பலன் இது. என் வரிசை: முதலில் ஷீல்டு, அடுத்தது பாகத்தின் மேல் உறை, ராப் கடைசி.

#6 பாப்அப்_லைட்

கணக்கு புரியுது சார். அப்போ செராமிக் கோட்டிங்? கருப்பு கலர்ல, காற்றுலயே காயுற வகை, 980 டிகிரி தாங்கும்னு சொல்றாங்க. சூடு பாதி குறையும்னு பெயின்ட் ஷாப்ல உறுதியா சொல்றாங்க.

#7 சிக்மா_டி4

அந்த வகைப் பூச்சின் கனம் சுமார் 25 மைக்ரான். சூடான குழாயிலிருந்து சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் வெளியேறுகிறது என்றால், கடத்துத்திறன் 1 உள்ள 25 மைக்ரான் படலத்தின் இரு பக்கத்துக்கும் நடுவில் வெப்பநிலை வித்தியாசம் அரை டிகிரி. பிளாஸ்மா தெளிப்பில் 300 மைக்ரான் சிர்கோனியா ஏற்றினாலும் 6 டிகிரிதான். ஒன்றரை மி.மீ. ராப்பின் கடத்துத்திறன் சுமார் 0.1. அதனால் அங்கே வித்தியாசம் நூற்றுக்கணக்கில் வருகிறது.

பூச்சு வேலை செய்வது அதன் கனத்தால் அல்ல, மேற்பரப்பால். அலுமினியத் துகள் கலந்து பாலிஷ் செய்த வெள்ளிப் பூச்சு குறைவாகக் கதிர்வீசும். கருப்புப் பூச்சு நன்றாகவே வீசும். அதைத் துருவுக்காகப் போடுங்கள், சூட்டுக்காகப் போடாதீர்கள். வெள்ளிப் பூச்சிலும் ஒரு வரம்பு உண்டு: பாலிஷ் வகை பொதுவாக 700 டிகிரியைத் தாண்டினால் மங்கிவிடும்.

"கோட்டிங் போட்டதும் ஐஆர் கன்னில் 150 டிகிரி குறைந்தது" என்று வரும் படங்களை நம்ப வேண்டாம். கன் (தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி) 0.95 எமிசிவிட்டி என்று எடுத்துக்கொள்கிறது. பளபளப்பான பரப்பை அது எப்போதும் குறைத்தே காட்டும். கே-வகை தெர்மோகப்பிளை (தொட்டு அளக்கும் வெப்ப உணரியை) குழாயில் கிளாம்ப் செய்து அளந்த எண்தான் எண்.

#8 பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்

கோட்டிங் போடுறதா இருந்தா ரெண்டு வார்த்தை. ஓடின ஹெடர்ல கார்பனும் ஆயிலும் இருக்கும், அதை முதல்ல சூளையில எரிச்சு எடுக்கணும். அப்புறம் அலுமினியம் ஆக்சைடு பிளாஸ்டிங். பிளாஸ்டிங் பண்ணின பிறகு வெறும் கையால தொட்டா விரல் ரேகை வர்ற இடத்துலயே பூச்சு உரியும். ஃபிளாஞ்ச் (ஹெட்ல பொருந்துற தட்டை) முகத்தையும் சென்சார் மரையையும் மாஸ்க் பண்ணச் சொல்லுங்க, இல்லேன்னா கேஸ்கெட் ஊதும்.

டப்பா ஸ்பிரே அடிக்கிறவங்க க்யூரிங்கைத் தவிர்க்கிறாங்க, அதான் ரெண்டே மாசத்துல உரியுது. 120 டிகிரி அரை மணி, ஆறவிட அரை மணி, 200 அரை மணி, மறுபடி ஆறவிட்டு 315 அரை மணி. வீட்டுச் சமையல் அவன்ல வைக்கவே கூடாது.

#9 டிக்_டார்ச்

பாப்அப், ஷீல்டை எப்படி அடிக்கணும்னு சொல்றேன்.

பொருள்: குழாய்க்குக் கிட்ட 0.5 மி.மீ. 304 தகடு. அலுமினியம் 660 டிகிரியில உருகும், அதுக்கு வெகு முன்னாடியே இளகித் தொங்கும், அதனால முதல் வரிசையில வேண்டாம். மாஸ்டர் பக்கம் ரெண்டாவது வரிசையா, புடைப்பு அச்சுப் போட்ட 0.8 மி.மீ. அலுமினியம்.

முதல்ல அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி எடுங்க. ஹெட் ஃபிளாஞ்ச் மேல ஆரம்பிச்சு நாலாவது குழாயைத் தழுவி ஷாஃப்ட் வரைக்கும் இறங்கணும். மேலயும் கீழயும் திறந்தே இருக்கணும், அப்பத்தான் புகைப்போக்கி மாதிரி காற்று கீழருந்து மேல இழுக்கும். தகட்டோட ஓரம் முழுக்க 6 மி.மீ. மடிச்சு அடிங்க. மடிக்காத ஓரம் அதிரும், ஓரத்துலருந்து கீறும், பக்கத்து ஹோஸையும் அறுக்கும்.

குழாய்லருந்து தகடு 10 முதல் 12 மி.மீ. தள்ளி நிக்கணும். 2 மி.மீ. பட்டையில மூணு காது வெட்டி ஃபிளாஞ்ச்லயும் குழாய்கள் ஒண்ணு சேர்ற கலெக்டர்லயும் டிக் வெல்ட் வையுங்க, குழாயோட வளைவு மேல வேண்டாம். ஒரு ஓட்டை மட்டும் எம்6-க்குச் சரியா, மத்த ரெண்டும் குழாய் நீளுற திசையில நீள்வட்ட ஓட்டை, அகலமான வாஷர். மூணையும் இறுக்கமா போட்டா முதல் டிராக் டேலயே காது பிய்ஞ்சுடும். நட்டு மரையில நிக்கல் ஆன்டி-சீஸ். கோட்டிங்குக்கு அனுப்புறதா இருந்தா காது வேலையை அதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

உங்க 22 மி.மீ.ல 12 காற்று, அரை தகடு, மிச்சம் ஒன்பதரை. அது போதுமான்னு பார்க்க ஒரு வழி: சப்பாத்தி மாவைக் கெட்டியா பிசைஞ்சு ஒரு கட்டி ஷாஃப்ட் மேல, தகட்டைத் தொடுற உயரத்துக்கு ஒட்டுங்க. இன்ஜின் குளிர்ந்தே இருக்கட்டும். ஆள் யாரும் முன்னால நிக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதிச்சு, முதல் கியர்ல கிளட்சை லேசா விட்டு இன்ஜினைத் திருகவிடுங்க, அப்புறம் ரிவர்ஸ்ல. மாவை பிளேடால குறுக்க வெட்டி மிச்ச கனத்தை அளங்க. 5 மி.மீ.க்குக் கீழ வந்தா முதல்ல இன்ஜின் மவுண்டை மாத்துங்க.

#10 ஸ்லேவ்_சிலிண்டர்

ஷாஃப்ட் மேல ராப், ஸ்லீவ், ஃபாயில் எதையும் சுத்தவே சுத்தாதீங்க. அவிழ்ந்து ஜாயின்ட்ல சிக்கினா ஸ்டீயரிங் பூட்டிக்கும். ஷாஃப்ட்டுக்குத் தடுப்பு எப்பவும் அசையாத தகடுதான்.

மத்ததுக்கு உறை:

கிளட்ச் லைன், ஹீட்டர் ஹோஸ், சென்சார் வயர் பக்கத்துல இருந்தும் தொடாதவை. இதுக்கு அலுமினியம் ஒட்டின கண்ணாடி நார் ஸ்லீவ், வெல்க்ரோ வகை. மினுங்குற பக்கம் ஹெடரைப் பார்க்கணும், உள்ள கொஞ்சம் காற்று இருக்கணும். இறுக்கிக் கட்டினா பாதி பலன் போச்சு. சிலிக்கோன் பூசின சிவப்பு ஃபயர் ஸ்லீவ் தொடர்ச்சியா 260 டிகிரி வரை தாங்கும், ஆயில் உறிஞ்சாது, ஆனா கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பாது.

தங்க நிற ஒட்டு ஃபிலிம் ஃபயர்வாலுக்கும் டப்பாவோட ஹெடர் பக்கத்துக்கும் சரி. ஆனா மாஸ்டர் டப்பாவை முழுக்க மூடிட்டா ஆயில் அளவு கண்ணுல படாது, ஒரு ஜன்னல் விட்டு ஒட்டுங்க.

பலன் கிடைச்சுதான்னு பார்க்க, ஒருமுறை கறுத்தா திரும்பாத வெப்ப லேபிளை மாஸ்டர், ஸ்லேவ், மவுண்ட் மூணுலயும் ஒட்டுங்க. ஓடும்போது காற்று இருக்கு. ஆஃப் பண்ணி 5 முதல் 15 நிமிஷத்துலதான் உச்சம் வரும், அப்போ நீங்க காரை விட்டு நடந்து போயிருப்பீங்க. லேபிள் அங்கேயே இருந்து அந்த உச்சத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். மாஸ்டர் உடம்புல 110-க்கு மேல கறுத்தா ரெண்டாவது தகடு கட்டாயம்.

#11 கெர்ப்_ரைடர்

சரி, பிரைமரியைச் சுத்தறதுல டார்ச் சொன்ன வெடிப்பு விஷயத்தை ஒத்துக்கறேன். ஆனா கலெக்டருக்குக் கீழ டவுன்பைப் பகுதி? ஸ்லேவ் பக்கத்துல தகடு போக இடமே இல்ல.

#12 டிக்_டார்ச்

அங்க சுத்துங்க, தாராளமா. நேர்குழாய், கவட்டை கிடையாது, வாயு கொஞ்சம் ஆறியிருக்கும். கலெக்டர் வெல்டுலருந்து 40 மி.மீ. தள்ளி ஆரம்பிச்சு ஃபிளாஞ்சுக்கு 30 முன்னாடி நிறுத்துங்க. ஆக்சிஜன் சென்சார் புஷ்ஷைச் சுற்றி ஒரு அங்குலம் வெறுமையா இருக்கட்டும். எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரோட அறுகோண உடம்பு 600 டிகிரிக்கு மேல போகக் கூடாது, சுத்தி மூடினா அது எளிதா தாண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மேல ஒரு சுற்றுகூட வேண்டாம். அது தன் சூட்டை வெளிய விட்டே பிழைக்குது. ஜிடி86 மாதிரி ஹெடருக்குள்ளயே கேட் இருக்கிற வண்டிக்காரங்க இதைக் கவனிக்கணும்.

அளவு: 50 மி.மீ. அகல ராப், 6 மி.மீ. ஏறினா ஒரு சுற்றுக்கு 44 முன்னேறும். 60 மி.மீ. குழாய் 400 நீளத்துக்கு 1.75 மீட்டர், ரெண்டு முனையிலும் இரட்டைச் சுற்று சேர்த்து இரண்டரை மீட்டர் வாங்கினா போதும். பாதிக்குப் பாதி ஏத்திச் சுத்தினா மூன்றரை மீட்டருக்கு மேல. அதுல சூடும் கூடும், எடையும் கூடும், நான் 6 மி.மீ.யே போடுவேன்.

குழாயை அசிட்டோன்ல துடைங்க. கண்ணாடி நார்னா தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு சுத்தணும், நார் பறக்காது, காய்ஞ்சதும் இறுகும். பாறை நாருக்கு நனைக்க வேண்டாம். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகமூடி நாலும் வேணும். அந்த நார் தோல்ல ஏறினா ரெண்டு நாள் அரிக்கும். பழைய கடைகள்ல கிடைக்கிற ஆஸ்பெஸ்டாஸ் துணி, கயிறு பக்கமே போகாதீங்க.

#13 கெர்ப்_ரைடர்

எந்த முனையில ஆரம்பிக்கணும்? ஹெட் பக்கம் ஆரம்பிச்சா வசதின்னு எல்லா வீடியோவுலயும்.

#14 டிக்_டார்ச்

கீழ் முனையில, பின்பக்கம் ஆரம்பிங்க. ஓட்டு வீட்டுக் கூரையில கீழ் வரிசை ஓடு முதல்ல, அதன் மேல அடுத்தது ஏறும், அதே வரிசை. மேலருந்து வர்ற தண்ணி மடிப்புக்குள்ள போகாம வழியும், முன்னாலருந்து அடிக்கிற காற்றும் சேறும் ஓரத்தைத் தூக்காது. வீடியோவுல பண்றது பெஞ்ச் மேல வசதி, அவ்வளவுதான்.

டையோட தலை பகுதி ஹோஸ் பக்கம் பார்க்காம திருப்பிவிட்டு, வாலை வெட்டி மடிச்சுவிடுங்க. அந்த வெட்டு முனை கத்தி மாதிரி. முதல் சூட்டுல புகை நல்லா வரும், நெடி இருக்கும். திறந்த வெளியில 20 நிமிஷம் ஐடில்ல விட்டு ஆறவிட்டு டையை மறுபடி இறுக்குங்க.

#15 மழைத்தார்

டர்போ போட்ட ரைட் ஹேண்ட் என்ஏ-க்கும் (முதல் தலைமுறை ரோட்ஸ்டர்) இதே தானா?

#16 ஸ்லேவ்_சிலிண்டர்

இடம் இன்னும் நெருக்கம், சூடு ஒரே புள்ளியில. டர்பைன் ஹவுசிங்குக்குப் போர்வை, டவுன்பைப்புக்கு ராப், மாஸ்டருக்கு ரெட்டைத் தகடு நடுவுல காற்று. பாறை நார் அல்லது சிலிக்கா நிரப்பின போர்வையா கேட்டு வாங்குங்க. பழைய வகை செராமிக் நார் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பானெட்டோட பின்பக்கத்தை வாஷர் வச்சுத் தூக்குறது நின்னா மட்டும் உதவும், வேகத்துல கண்ணாடி அடியில காற்றழுத்தம் கூடுதலா இருக்கிறதால காற்று வெளிய போகாம உள்ளதான் வரும். கீழ இருக்கிற அண்டர்ட்ரேயைக் கழற்றி வீசாதீங்க.

#17 பாப்அப்_லைட்

முடிவு: ஃபிளாஞ்ச், கலெக்டர்ல காது வெல்டிங், பிறகு வெள்ளிப் பூச்சு, 304 தகடு, மாஸ்டர் பக்கம் அலுமினியம், டவுன்பைப்ல மட்டும் பாறை நார் ராப், ஸ்லேவ் லைனுக்கு வெல்க்ரோ ஸ்லீவ், மூணு லேபிள், புது வலது மவுண்ட். ஒரே ஒரு விஷயம்: ஹெட்டோட பின்னால, கேம் ஆங்கிள் சென்சார் (கேம் ஷாஃப்ட் எந்தக் கோணத்துல இருக்குன்னு காட்டுறது) கிட்ட லேசா ஆயில் ஈரம் தெரியுது. ராப் போட்ட பிறகு பார்த்துக்கலாமா?

#18 பத்தாம்_நம்பர்_ஸ்பேனர்

இல்லவே இல்ல, அதை முதல்ல முடிங்க. அந்த சென்சாரோட ஓ-ரிங் தேய்ஞ்சு பெல் ஹவுசிங் மேல ஒழுகுறது இந்த இன்ஜினோட வழக்கமான குறை. அங்கருந்து ராப்புக்குத் தூரம் கொஞ்சம்தான். ராப் விளக்குத் திரி மாதிரி ஆயிலை உறிஞ்சி வச்சுக்கும், 300 டிகிரி தாண்டினா பொறி இல்லாமலே பத்தும். வால்வு கவர் கேஸ்கெட்டையும் சேர்த்து மாத்துங்க. எப்பவாவது ராப்ல ஆயிலோ பிரேக் ஆயிலோ கொட்டினா கழுவிப் பார்க்க வேண்டாம், அந்தப் பகுதியை வெட்டி எறிஞ்சு புதுசு சுத்துங்க. ஓ-ரிங் மாத்துறதுக்கு முன்னாடி சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்க மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க, இல்லேன்னா டைமிங் நகர்ந்துடும்.

#19 டிக்_டார்ச்

எல்லாம் மாட்டி 100 கி.மீ. ஓடினதும் முழுக்கக் குளிர்ந்த பிறகு ஹெடர் ஃபிளாஞ்ச் நட்டுகளை நடுவுலருந்து வெளிப்பக்கமா மறுபடி டார்க் பண்ணுங்க. அப்போ டார்ச் லைட் அடிச்சு ஃபிளாஞ்ச் ஓரத்துல கருப்புப் புகைக்கோடு இருக்கான்னு பாருங்க, கேஸ்கெட் ஊதினா அங்கதான் தெரியும். தகட்டுல குழாய் தொட்டு நீலம் பாரிச்ச புள்ளி இருந்தா அந்த இடத்தை மட்டும் சுத்தியல் பின்முனையால உள்ளிருந்து தட்டி 3 மி.மீ. வெளிய எடுங்க.